பீரியட் கணக்கு பாக்காம பாடத்திட்டத்தைத் திருத்தினா என்ன ஆகும்

கேள்வி இதுதான்: "பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கமிட்டி போட்டு நாடு முழுக்கப் பாடத்திட்டத்தை மாத்துறாங்க, ஒவ்வொரு தடவையும் சுமையைக் குறைக்கப் போறோம்னுதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா என் பையனோட பை கனமாயிட்டேதான் போகுது, படிச்சதும் மண்டைல நிக்க மாட்டேங்குது. நிஜமாவே ஒரு தேசிய பாடத்திட்டத்தை ரிவ்யூ பண்ணி நல்லாக்கணும்னா எப்படிப் பண்ணணும்?"

நான் 26 வருஷம் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சயின்ஸ் எடுத்தவ. நடுவுல ரெண்டு தடவை பாடநூல் எழுதுற ஒர்க்‌ஷாப்ல உக்காந்திருக்கேன், எந்த போர்டுனு சொல்லல, அது இங்க முக்கியமில்ல. அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடலாம். நாம பாடத்திட்டம்னு ஒரே வார்த்தைல சொல்றதுக்குள்ள அஞ்சு சமாச்சாரம் இருக்கு. எதுக்காகப் படிக்கிறோம், எந்த வயசுல எதுவரைக்கும் போகணும்னு சொல்றது கலைத்திட்டம். அதைப் பாடம் வாரியா, வகுப்பு வாரியா பிரிச்சுப் போட்டா சிலபஸ். அதை வச்சு எழுதுறது புக். அந்த புக்ல இருந்து மார்ச் மாசம் வர்றது கேள்வித்தாள். கடைசியா, இதெல்லாம் தாண்டி பையன் நோட்டுல என்ன வந்து சேருதோ அது. கமிட்டி உக்காந்து மாத்துறது முதல் ஐட்டத்தை. அப்பாம்மா பாக்குறது கடைசி ஐட்டத்தை. நடுவுல எங்க கசியுதுன்னு யாரும் பாக்குறதில்ல, ரிவ்யூன்னா அதைப் பாக்குறதுதான்னு நான் நினைக்கிறேன்.

நம்ம நாட்டுல இதுவரைக்கும் நடந்ததை வேகமா சொல்லிடுறேன். மத்திய அரசுக்காகப் பாடநூல் தயாரிக்கிற என்.சி.இ.ஆர்.டி. 1961-ல ஆரம்பிச்சது. 1975-ல முதல் தேசிய கலைத்திட்டச் சட்டகம், அடுத்து 1988, அப்புறம் 2000, 2005, கடைசியா 2023. கல்வி 1976 வரைக்கும் மாநிலப் பட்டியல்ல இருந்து 42-வது அரசியலமைப்புத் திருத்தத்துல, மத்திய மாநில அரசு ரெண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போச்சு, ஆனாலும் டெல்லில போடுற சட்டகம் தமிழ்நாட்டு ஸ்டேட் போர்டை நேரடியாக் கட்டாயப்படுத்தாது, நாம நம்ம புக்கை நாமளே எழுதிக்கிறோம். அப்படியும் நம்ம சிலபஸ் அது பக்கம் சாஞ்சுட்டேதான் போகும், ஏன்னா நீட் மாதிரி நாடு முழுக்க நடக்குற எக்ஸாம் என்.சி.இ.ஆர்.டி. புக்கை ஒட்டித்தான் இருக்கு. 2017-ல இங்க நீட் வந்ததும் அடுத்த ரெண்டே வருஷத்துல ஒண்ணாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மொத்த புக்கும் மாறுச்சே, ஞாபகம் இருக்கா? ப்ளஸ் ஒன் புக் ரெண்டு வால்யூமா செங்கல் மாதிரி வந்துச்சு.

சுமைங்கற பேச்சு எங்க ஆரம்பிச்சதுன்னா, எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் ராஜ்யசபால நியமன உறுப்பினரா இருந்தப்போ ஸ்கூல் பையைப் பத்திப் பேசினார், சின்னப் பசங்க மூட்டை தூக்கி முதுகு வளைஞ்சு போறாங்கன்னு. அந்தப் பேச்சு சும்மா காத்துல போகல. கொஞ்ச வருஷத்துல பேராசிரியர் யஷ்பால் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க, 1993-ல அறிக்கை வந்துச்சு. ரொம்பச் சின்ன அறிக்கை, ஒரு சாயங்காலம் உக்காந்தா படிச்சு முடிச்சுடலாம். பையோட எடையைப் பத்தி எழுதச் சொன்னா அவங்க எழுதினது வேற: முதுகுல இருக்குற சுமையைவிட மோசமானது புரியாம இருக்குற சுமை. அதாவது எட்டுக் கிலோ பை தூக்குறவனைவிட, ஒரு வரி புரியாம நாப்பது பக்கம் மனப்பாடம் பண்றவன்தான் நிஜமான சுமையைத் தூக்குறான். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் யாரும் இதைவிட நல்லா சொல்லல. அதே யஷ்பால்தான் 2005 சட்டகத்துக்கும் வழிகாட்டுக் குழுத் தலைவர், அதுக்காக 21 தனிக்குழு உக்காந்து ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு அறிக்கை எழுதினாங்க. ஸ்கூலுக்கு வெளிய இருக்குற வாழ்க்கையோட பாடத்தை இணைக்கணும், மனப்பாடத்துல இருந்து நகரணும்னு அதுல இருக்குற வாசகங்கள் இப்பவும் எல்லா பயிற்சி வகுப்புலயும் பி.பி.டி.ல வருது. வர்றது மட்டும்தான்.

சரி, தத்துவம் நல்லா இருந்தும் ஏன் நோட்டு வரைக்கும் போய்ச் சேரல? இதுக்கு நான் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்றேன்.

மே மாசம். ஒரு பயிற்சி நிறுவனத்தோட ஹால், மேல ஃபேன் சுத்துது, காத்து வரல. எட்டாவது சயின்ஸ் புக்குக்காக நாலு டேபிள் போட்டிருந்தாங்க: பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜூவாலஜி. ஒவ்வொரு டேபிள்லயும் காலேஜ் பேராசிரியர் ஒருத்தர், எங்கள மாதிரி ஸ்கூல் டீச்சர் ரெண்டு மூணு பேர். முதல் நாள் பழைய சிலபஸை எடுத்து "என்ன சேக்கலாம்"னு லிஸ்ட் போட்டாங்க. கவனிங்க, முதல் கேள்வியே "என்ன சேக்கலாம்". பிசிக்ஸ்காரங்க விண்வெளி வேணும்னாங்க, கெமிஸ்ட்ரி டேபிள் பாத்துட்டு அவங்களும் ரெண்டு பாடம் ஏத்தினாங்க, பாட்டனிக்கும் ஜூவாலஜிக்கும் யாருக்கு அதிகப் பக்கம்னு ஒரு சின்னச் சண்டையே நடந்துச்சு, டீ வந்ததால நின்னுச்சு. "சி.பி.எஸ்.இ.ல இது ஏழாவதுலயே இருக்கு மேடம், நாம எட்டாவதுல கூட வைக்கலேன்னா எப்படி?"ன்னு ஒரு குரல் வந்துட்டே இருந்துச்சு. மூணாவது நாள் லிஸ்ட்ல 23 பாடம் நின்னுச்சு.

நான் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து கணக்கு போட்டேன். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறுல இருந்து எட்டு வரைக்கும் வருஷத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம். காகிதத்துல. காலாண்டு, அரையாண்டு, முழுவாண்டு, நடுவுல வர்ற டெஸ்ட் எல்லாம் சேத்து ஒரு 30 நாள் போயிடும். விளையாட்டு விழா, ஆண்டு விழா, மழை லீவு, எலக்‌ஷன் ட்யூட்டி, டீச்சருக்கே ட்ரெயினிங், இதுல ஒரு 25 நாள். மிச்சம் 165 நாள், அதாவது 33 வாரம். வாரத்துக்கு சயின்ஸுக்கு ஆறு பீரியட்னா 198. டீச்சருக்குக் காய்ச்சல் வராம இருக்குமா, வீட்டுல கல்யாணம் வராம இருக்குமா? 180-ன்னு வச்சுக்கலாம். 180-ஐ 23-ஆல வகுத்தா ஒரு பாடத்துக்கு எட்டு பீரியட் கூட வரல. அந்த எட்டுக்குள்ள பாடம் நடத்தணும், சோதனை செஞ்சு காட்டணும், பசங்க அவங்களே செய்யணும், நோட்டு திருத்தணும், டெஸ்ட் வைக்கணும், பேப்பர் குடுக்கணும், மெல்லக் கற்போருக்கு மறுபடி சொல்லணும். பீரியட் 40 நிமிஷம், அதுல அஞ்சு நிமிஷம் அட்டெண்டன்ஸ், சாக்பீஸ் எங்க, டஸ்டர் எங்க.

அந்தத் தாளை நீட்டினேன். தலைமை தாங்கினவர் பாத்துட்டு, நல்ல மனுஷன்தான், சிரிச்சுட்டே சொன்னார், "மேடம், டைம்டேபிள் ஸ்கூல் பாத்துக்கும். நாம பசங்களுக்கு எது முக்கியம்னு மட்டும் யோசிப்போம்." ஹால்ல இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு அன்னைக்குப் புரிஞ்சது இதுதான்: நேரம் யாரோட பொறுப்பும் இல்ல. ஒவ்வொரு டேபிளும் தன் பாடத்துக்காகப் பேசுது, பையனோட ஒரு நாளுக்காகப் பேச அங்க டேபிளே போடல. எதை எடுத்தாலும் "இது முக்கியம் இல்லையா?"ன்னு கேட்டா யாரும் முக்கியம் இல்லேன்னு சொல்ல முடியாது. அப்படிக் கேட்டா எதுதான் முக்கியம் இல்ல? கேக்க வேண்டிய கேள்வி, "இதைச் சேத்தா எந்த எட்டு பீரியடை எடுத்து இதுக்குக் குடுப்ப?"ங்கறது. அந்த வருஷம் மட்டும் இல்ல, எனக்குத் தெரிஞ்சு எந்தக் கமிட்டிலயும் இதை முதல் கேள்வியா வைக்கல.

நேரம் பத்தலேன்னா டீச்சர் என்ன பண்ணுவாங்க? போர்ஷன் முடிப்பாங்க. இதுக்குத் தமிழ்ல வேற வார்த்தையே இல்ல, போர்ஷன் முடிக்கிறது. ஜனவரி வந்தா ரெண்டு பாடத்தை ஒரே நாள்ல வாசிச்சு, புக் பேக் கேள்விக்கு விடையை அடிக்கோடு போடச் சொல்லி, "இந்த ஒன் வேர்டு எல்லாம் பாத்துக்கோங்க"ன்னு முடிச்சுடுவாங்க. அதுக்கு அந்த டீச்சரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, நானும் அதைப் பண்ணியிருக்கேன். லாண்ட் பிரிட்செட், அமண்டா பீட்டின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வளரும் நாடுகளை வச்சு இதைத்தான் எழுதினாங்க: பசங்க கத்துக்கிற வேகத்தைவிட பாடத்திட்டம் வேகமா ஓடினா, பின்தங்கினவன் அதுக்கப்புறம் எதையுமே கத்துக்காம சும்மா உக்காந்திருப்பான், அதனால பாடத்தைக் கூட்டக் கூட மொத்தத்துல கத்துக்கிறது குறையும். நம்ம நாட்டு நிலைமைக்கு, கிராமத்துப் பசங்களோட படிப்பை வீடு வீடாப் போய்ச் சோதிக்கிற அசர் சர்வேயைப் பாருங்க, கிராமப்புறத்துல அஞ்சாவது படிக்கிற பசங்கள்ல ரெண்டாவது வகுப்புப் பத்தியைப் படிக்கத் தெரிஞ்சவங்க 2018-ல 50.5 சதவீதம், கொரோனாவுக்கு அப்புறம் 2022-ல 42.8, 2024-ல 48.8. அதாவது நல்லா இருந்த வருஷத்துலயும் பாதிப் பேர்தான். மீதிப் பாதிப் பேருக்கு ஆறாவதுல எவ்வளவு அழகான புக் குடுத்தாலும் அது படம் பாக்குற புக்தான்.

இன்னொரு கசிவு இருக்கு, அதைப் பத்தி ரொம்பப் பேர் பேசுறதில்ல, பாடங்களுக்குள்ள வரிசை.

ஒரு வருஷம் ஏழாவதுக்கு ஜூலைல அடர்த்தி நடத்தினேன். கல்லோட நிறை 54 கிராம், பருமன் 20 கன சென்டிமீட்டர், அடர்த்தி என்னன்னு போர்டுல போட்டேன். நல்லாப் படிக்கிற பையன் ஒருத்தன், சூத்திரம் எழுதினான், நிறையைப் பருமனால வகுத்தல், சரியா இருந்துச்சு, எண்ணைப் போட்டான், அதுவும் சரி. விடை எழுதியிருந்தான்: "அடர்த்தி = 2, மீதி 14." எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கணக்கு டீச்சர்கிட்ட போய்க் கேட்டா, "தசம வகுத்தல் மூணாம் பருவத்துலதான் மேடம் வருது"ன்னாங்க. பையன் மேல தப்பே இல்ல, அவனுக்கு அதுவரைக்கும் சொல்லிக்குடுத்த வகுத்தலை ரொம்ப ஒழுங்கா செஞ்சிருக்கான். ஜூலைல சயின்ஸ் புக் கேக்குறதை கணக்கு புக் பிப்ரவரிலதான் குடுக்குது. ரெண்டு புக்கையும் எழுதினவங்க ஒரே வளாகத்துல பக்கத்து பக்கத்து ஹால்ல உக்காந்திருந்திருப்பாங்க, ஒரே கேன்டீன்ல சாப்பிட்டிருப்பாங்க, ஆனா ரெண்டு சிலபஸையும் ஒரே மேஜைல விரிச்சு வச்சு மாசம் மாசமா யாரும் பாக்கல. நான் அன்னைக்கு அடர்த்தியை நிறுத்திட்டு ரெண்டு பீரியட் தசம வகுத்தல் நடத்தினேன். அந்த ரெண்டு பீரியட் எந்தக் கணக்குலயும் வராது, பாத்துக்கோங்க.

ரிவ்யூல இதைக் கண்டுபிடிக்கிறது ராக்கெட் சயின்ஸ் இல்ல. ஒரு வகுப்போட எல்லா புக்கையும் எடுத்து, ஜூன் மாசம் ஒரு பையனுக்கு அஞ்சு பாடத்துலயும் என்ன நடக்குது, ஜூலைல என்ன நடக்குதுன்னு ஒரு பெரிய சார்ட்டுல எழுதினாலே தெரிஞ்சுடும். கிராஃப் கணக்குல வர்றதுக்கு முன்னாடி சயின்ஸ்ல வருதா, சமூக அறிவியல்ல சதவீதம் எப்போ வருது, இங்கிலீஷ்ல கடிதம் எழுதுறதும் தமிழ்ல கடிதம் எழுதுறதும் ஒரே மாசத்துல வந்தா எவ்வளவு நல்லா இருக்கும், இதெல்லாம்.

தமிழ் மீடியம் பசங்களுக்கு இன்னொண்ணும் சேரும். எங்க ஒர்க்‌ஷாப்ல பாதிப் பாடம் முதல்ல இங்கிலீஷ்ல எழுதி அப்புறம் தமிழாக்கம் பண்ணது. அதனால "வெப்பநிலையானது உயர்த்தப்படும்பொழுது துகள்களின் இயக்க ஆற்றல் அதிகரிக்கப்படுகிறது"ன்னு வரி வரும். "சூடு ஏறினா துகள் வேகமா அசையும்"னு நடத்துறதுக்கு முன்னாடி அந்த வரியையே ஒரு தடவை தமிழ்ல இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கணும். இதையும் நான் சுமைன்னுதான் சொல்லுவேன், யஷ்பால் சொன்ன அதே சுமை.

இப்போ வெட்டுறதுக்கு வருவோம். பாடத்தைக் குறைக்கணும்னு நானே சொல்றேன், அப்போ 2022-ல என்.சி.இ.ஆர்.டி. குறைச்சது சரிதானேன்னு கேப்பீங்க. குறைச்சது தப்பில்ல, குறைச்ச விதம்தான் பிரச்சனை. கொரோனாவால சுமை கூடிடுச்சு, ஒரே விஷயம் வேற பாடத்துலயும் வருது, கஷ்டமா இருக்கு, தானே படிச்சுக்கலாம், இப்போதைக்குப் பொருத்தமில்ல, இப்படிப் பொதுவா அஞ்சு காரணம் சொன்னாங்க. எந்தப் பாடம் எந்தக் காரணத்துக்காகப் போச்சு, யார் உக்காந்து முடிவு பண்ணாங்கன்னு வரிக்கு வரி விளக்கம் குடுக்கல. பத்தாவது சயின்ஸ்ல 16 பாடம் 13 ஆச்சு. மரபும் பரிணாமமும்னு இருந்தது வெறும் மரபுன்னு ஆச்சு, தனிம வரிசை அட்டவணை போச்சு. பரிணாமத்தை எடுத்ததுக்கு 1,800-க்கும் மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு 2023-ல கடிதம் எழுதினாங்க. அதுக்கு வந்த பதில், பன்னெண்டாவது பயாலஜில இருக்கேங்கறது.

இங்கதான் நான் சொல்ற கணக்கு வருது. ஒரு விஷயத்தை வெட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, "இது மறுபடி எங்க வரும், அங்க யார் இருப்பாங்க?" பத்தாவதுங்கறது எல்லாரும் ஒரே ரயில்ல போற கடைசி ஸ்டேஷன். அதுக்கப்புறம் ஒருத்தன் காமர்ஸ், ஒருத்தன் ஐ.டி.ஐ., ஒருத்தி கம்ப்யூட்டர் சயின்ஸ், சில பேர் வேலைக்கே போயிடுவாங்க. பன்னெண்டாவது பயாலஜி வரைக்கும் போறவங்க எத்தனை பேர்? அப்போ பத்தாவதுல எடுத்தா பெரும்பாலான பசங்க வாழ்க்கைலயே அதைப் பாக்க மாட்டாங்க. அதே நேரத்துல பத்தாவதுல ரசாயனச் சமன்பாட்டுலயும் ஒளி விலகல் கணக்குலயும் இன்னும் எவ்வளவோ தாராளமாக் குறைச்சிருக்கலாம், சயின்ஸ் எடுக்குறவன் பதினொண்ணு, பன்னெண்டுல அதை விரிவாப் படிக்கத்தான் போறான். கடைசி ஸ்டேஷன்ல கதையைச் சொல்லு, கணக்கை அடுத்த ரயிலுக்குத் தள்ளுன்னு நான் சொல்லுவேன். செஞ்சது தலைகீழ்.

வரலாறு, அரசியல் பாடத்துல வர்ற சண்டை பத்தி நீளமாப் பேச விரும்பல, அது ஆட்சி மாறும்போதெல்லாம் வரும். 2000 சட்டகத்தை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2002-ல கோர்ட் அதை அனுமதிச்சுது, 2004-ல ஆட்சி மாறுச்சு, 2005-ல புதுச் சட்டகம். 2012-ல என்.சி.இ.ஆர்.டி. அரசியல் அறிவியல் புக்ல இருந்த ஒரு பழைய அம்பேத்கர் கார்ட்டூனுக்காக பார்லிமென்ட்ல அமளி, அந்த புக்கோட ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பொறுப்புல இருந்து விலகினாங்க, 2023-ல அதே ரெண்டு பேரும், வெட்டுப்பட்ட புக்ல எங்க பேரு வேண்டாம், எடுத்துடுங்கன்னு எழுதினாங்க. எந்தக் கட்சி இருந்தாலும், என்ன மாறுச்சு, யார் சொல்லி மாறுச்சுன்னு பழைய வரியையும் புது வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அச்சிட்டுக் குடுத்துடணும்னு ஒரு விதி போட்டாலே பாதிச் சண்டை அடங்கும்னு எனக்குத் தோணும். வீட்டுப் பத்திரத்துலயே திருத்தம் பண்ணா ஓரத்துல கையெழுத்துப் போடுறோம்.

குறைச்சாலே நல்லாயிடும்னும் நினைச்சுடாதீங்க, ஜப்பான்காரங்க அதைப் பாத்துட்டாங்க. 2002-ல பாடத்துல சுமார் 30 சதவீதத்தைக் குறைச்சு, சனிக்கிழமை ஸ்கூலையும் எடுத்தாங்க, பசங்க நிதானமா யோசிக்கட்டும்னு. பல நாட்டுப் பதினஞ்சு வயசுப் பசங்களை ஒப்பிடுற பீசா தேர்வுல 2003-ல இடம் சறுக்கினதும் நாடே கூச்சல் போட்டுச்சு, 2008-ல திருத்தி, 2011-ல இருந்து தொடக்கப் பள்ளிக்கு மறுபடி நேரத்தைக் கூட்டிட்டாங்க. மிச்சமான நேரத்துல என்ன செய்யணும்னு டீச்சர்களுக்குத் தெளிவாச் சொல்லாம, காலேஜ் நுழைவுத் தேர்வையும் மாத்தாம விட்டதுதான் அங்க சிக்கல்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். வசதி இருக்குறவங்க டியூஷனுக்கு அனுப்பினாங்க, அது நம்ம ஊர்ல சொல்லியா தெரியணும்.

எக்ஸாம்னு வந்துட்டதால, இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா நம்ம நாட்டுல பெரிய ரிவ்யூ எல்லாம் கவுந்த இடம் இதுதான். 2005 சட்டகம் சொன்னதுல ஒண்ணு, வருஷக் கடைசில ஒரே எக்ஸாம் வச்சு அளக்காதீங்க, வருஷம் முழுக்கப் பாருங்கன்னு. அதுல இருந்து சி.பி.எஸ்.இ. 2009-ல சி.சி.இ. கொண்டு வந்துச்சு, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. தமிழ்நாட்டுல 2012-ல, வருஷத்தை மூணு பருவமாப் பிரிக்கிற முப்பருவ முறையோட சேந்து வந்துச்சு, கிளாஸ்ல நடக்குற செயல்பாட்டுக்கு வளரறி 40 மார்க், பருவக் கடைசி எழுத்துத் தேர்வுக்குத் தொகுத்தறி 60 மார்க். யோசனை அருமை. கிளாஸ்ல என்ன ஆச்சு? 40 பேருக்கு, பாடத்துக்குப் பாடம், செயல்பாட்டுக்குச் செயல்பாடு ரிக்கார்டு எழுதணும். கவனிச்சு மார்க் போடுற நேரத்தைவிட மார்க்கை நிரப்புற நேரம் அதிகமாச்சு. பசங்ககிட்ட ப்ராஜெக்ட்னு சொன்னா சாயங்காலம் ஸ்டேஷனரி கடைல போய் அஞ்சு ரூபாய் பட ஷீட் வாங்கி வெட்டி ஒட்டிட்டு வந்துடுவாங்க. நீர்ச் சுழற்சின்னு கேட்டா கடைக்காரரே "ஏழாவதா, எட்டாவதா?"ன்னு கேட்டு எடுத்துக் குடுப்பார், அவருக்கு சிலபஸ் எங்களைவிட நல்லாத் தெரியும். எங்க தெருமுனைக் கடைல தெர்மாகோல் எரிமலை ரெடிமேடாவே வித்துச்சு. கடைசில எல்லாருக்கும் 40-க்கு 38. சி.பி.எஸ்.இ. 2018-ல பத்தாவது போர்டு எக்ஸாமைத் திரும்ப எல்லாருக்கும் கட்டாயமாக்கிடுச்சு.

தோத்தது யோசனை இல்ல. டீச்சருக்கு நேரமும் சின்ன கிளாஸும் குடுக்காம, ரிஜிஸ்டர் மட்டும் குடுத்ததுதான் தோத்துச்சு. அதனாலதான் சொல்றேன், கேள்வித்தாளைத் தொடாத ரிவ்யூ ரிவ்யூவே இல்ல. புக் எழுதுற டீமும் கேள்வித்தாள் எடுக்குற டீமும் தனித்தனித் துறைல, தனித்தனி வருஷத்துல வேலை செய்யுறாங்க. புது புக் ஜூன்ல வருது, மாதிரி வினாத்தாள் பல தடவை அரையாண்டை ஒட்டித்தான் வருது. அதுவரைக்கும் டீச்சர் பழைய ப்ளூ பிரிண்ட்டை, அதாவது எந்தப் பாடத்துல இருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும்ங்கற பட்டியலை வச்சுத்தான் நடத்துவாங்க, வேற வழி? புதுப் பாடத்தோட முதல் பக்கத்தை எழுதுறதுக்கு முன்னாடி அதுக்கு அஞ்சு நல்ல கேள்வியை எழுதி வச்சுட்டா, அந்தப் பாடம் எங்க நிக்கணும்னு தன்னாலேயே தெரிஞ்சுடும். இதை ஒரு தடவை எங்க டேபிள்ல செஞ்சு பாத்தோம், 14 பக்கப் பாடம் ஒன்பது பக்கத்துல முடிஞ்சுது.

2023 சட்டகத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேப்பீங்க. இஸ்ரோ முன்னாள் தலைவர் கஸ்தூரிரங்கன் தலைமைல இருந்த குழு போட்டது, 600 பக்கத்தை ஒட்டி இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கு, அதுக்குக் கீழ திறன், அதுக்குக் கீழ கற்றல் விளைவுன்னு படிப்படியா எழுதியிருக்காங்க, அந்த ஒழுங்கு எனக்குப் பிடிச்சது, மாதிரி கால அட்டவணை கூடப் போட்டிருக்காங்க, அதுக்குத் தனியா ஒரு சபாஷ். ஆனா பிடிக்காததும் இருக்கு, கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி, மூணு மொழின்னு எல்லாத்தையும் முக்கியம்னு சொல்லி எல்லாத்தையும் அதே நாளுக்குள்ள வைக்கிறாங்க, ஒரே ஒரு டீச்சர் அஞ்சு வகுப்பையும் பாத்துக்கிற ஸ்கூல்ல அந்த அட்டவணையை யார் நடத்துறது? மும்மொழி விவகாரம் இங்க வேற தனிச் சண்டை, அதுக்குள்ள இப்போ போகல. தமிழ்நாடு 2025 ஆகஸ்ட்ல தன்னோட சொந்த கல்விக் கொள்கையை வெளியிட்டு, ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்க, அது நல்ல விஷயம்னு நினைக்கிறேன். பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு மூணு வருஷம் தொடர்ந்து போர்டு எக்ஸாம் எழுதின பசங்க மூஞ்சியைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

என்கிட்ட பொறுப்பு குடுத்தா எங்க ஆரம்பிப்பேன்னா, முதல் ஆறு மாசம் யாரையும் ஒரு வரி கூட எழுத விட மாட்டேன். மலை, கடலோரம், நகரம், ஓராசிரியர் பள்ளி, தனியார் பள்ளின்னு ஒரு 200 ஸ்கூல் எடுத்து மார்ச் மாசம் பசங்களோட நோட்டை வாங்கிப் பாக்கச் சொல்லுவேன், கட்டு கட்டா. நோட்டுல எல்லாம் இருக்கும். எந்தப் பாடத்துல எழுத்து நின்னு போயிருக்கு, எந்தப் பக்கத்துல நாப்பது பேருக்கும் ஒரே வாக்கியம் இருக்கு, அதாவது போர்டுல இருந்து காப்பி, எந்தப் பக்கத்துல ஆளுக்கு ஆள் வேற வேற தப்பு இருக்கு, அதாவது நிஜமாவே யோசிச்சிருக்காங்க. தப்பு வேற வேறயா இருக்குற பாடம்தான் உயிரோட இருக்குற பாடம், அதைத் தொடக்கூடாது. டீச்சரோட பாடக்குறிப்பேட்டையும் வாங்கிப் பாக்கலாம், ஆனா அது சி.இ.ஓ., அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், விசிட்டுக்காக எழுதுறது, அதை நம்ப வேண்டாம், நான் எழுதினதையும் சேத்துத்தான் சொல்றேன்.

அந்த நோட்டுல தெரிஞ்சதை வச்சு பீரியட் பட்ஜெட் போடணும். வருஷத்துக்கு இத்தனை பீரியட்தான் நிஜமாக் கிடைக்கும், அதுல மூணுல ஒரு பங்கை யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வச்சுடணும், திரும்பச் சொல்றதுக்கு, பின்தங்கினவங்களுக்கு, மழைக்கு. மீதிக்குள்ளதான் பாடம். யாராவது புதுசா ஒண்ணு சேக்கணும்னா எதை எடுக்குறாங்கன்னு அதே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணும், அது எவ்வளவு பெரிய பேராசிரியரா இருந்தாலும் சரி. அப்புறம் ஒரு வருஷம் சில மாவட்டத்துல மட்டும் ஓட்டிப் பாக்கணும். இங்க எப்பவும் அந்த ஒரு வருஷம்தான் பலியாகுது. ஆட்சிக்கு அஞ்சு வருஷம்தான், அதுக்குள்ள புக் ரிலீஸ் ஃபங்ஷன் நடத்தணும். ஒண்ணு, ஆறு, ஒன்பது, பதினொண்ணுன்னு தாவித் தாவி புக்கை மாத்துவாங்க, அதனால பழைய எட்டாவதைப் படிச்சுட்டு புது ஒன்பதாவதுக்குள்ள விழுற ஒரு பேட்ச் எப்பவும் இருக்கும், அவங்களுக்கு ஒரு பிரிட்ஜ் கோர்ஸ்னு இருபது பக்க பி.டி.எஃப். அனுப்பினதோட கடமை முடிஞ்சுடும். என் ஒன்பதாவது பசங்க ஒரு வருஷம் அந்தப் பள்ளத்துல விழுந்தாங்க. புது புக் முன்னாடியே தெரியும்னு எடுத்துக்கிட்ட ஒரு விஷயம் அவங்க பழைய புக்ல எங்கயுமே இல்ல, செப்டம்பர் வரைக்கும் எனக்கே அது பிடிபடல.

ஒரே அடியா பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இடிச்சுக் கட்டுறதைவிட, வருஷா வருஷம் ஓடு மாத்துற மாதிரி சின்னச் சின்னதாத் திருத்துறது நல்லது, அதுக்கு ஒரு நிரந்தரமான சின்னக் குழு வேணும், அதுல பாதிப் பேர் காலைல கிளாஸ் எடுத்துட்டு சாயங்காலம் வர்ற டீச்சரா இருக்கணும். புக்ல தப்பு இருக்குன்னு எழுதிப் போட்டா பதில் வர்ற ஒரு முகவரி வேணும். நான் ஒரு தடவை ஒரு படத்துல அம்புக்குறி தலைகீழா இருக்குன்னு எழுதினேன், மூணு பதிப்பு வந்துச்சு, அம்புக்குறி அப்படியேதான் இருந்துச்சு, பசங்களே பேனால திருத்தி வச்சுக்கிட்டாங்க.

அந்த ஒர்க்‌ஷாப் கதையை முடிக்காம விட்டுட்டேன். அஞ்சாவது நாள் நான் விடாம மல்லுக்கட்டி எங்க டேபிள்ல ஒரு பாடத்துல இருந்து நாலு பக்கத்தை எடுக்க வச்சேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, மினிட்ஸ்லயும் ஏறுச்சு. ஜூன்ல புக் அச்சாகி வந்ததும் ஆசையாப் பிரிச்சுப் பாத்தா, அந்த நாலு பக்கமும் சுருங்கி, மூணு இடத்துல மஞ்சக் கலர் பெட்டிக்குள்ள "மேலும் அறிவோம்"னு உக்காந்திருந்துச்சு. பெட்டிச் செய்தி எக்ஸாமுக்கு வராதுன்னு பசங்ககிட்ட தைரியமாச் சொல்லிட்டேன். அரையாண்டுல ஒரு மார்க் கேள்வி ரெண்டு அதுல இருந்துதான் வந்துச்சு.